உப்பு ஒட்டாத விதை

வீட்டில் எடுத்து வைக்கும் பூ விதை முளைக்காது என்று போன மாதம் ஒருவர் வந்து சொல்லிவிட்டுப் போனார். எங்கள் ஊர் மாதர் சங்கத்துக் கூட்டத்தில்தான் சொன்னார். சட்டைப் பையில் இரண்டு பேனை, கையில் படம் அச்சடித்த விதைப் பைக்கட்டுகள். "வீட்டுல வெக்கிற விதையில பாதிக்கு மேல செத்த விதை அம்மா. இத வாங்கிப் போடுங்க" என்றார். நான் பின்வரிசையில் இருந்தேன். எழும்பி, "செத்த விதையில்ல தம்பி, கொன்ன விதை. வெக்கத் தெரியாதவங்க கொல்லுறாங்க, பழி விதைக்கு" என்றேன். பெண்கள் சிரித்தார்கள். அவர் பைக்கட்டுகளை அடுக்கத் தொடங்கிவிட்டார்.

கூட்டம் முடிந்ததும் சங்கத்துப் பெண்கள் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். பங்களாத் தோட்டத்தில் வேலை செய்த கதையை எழுதித் தாருங்கள், ஆண்டு மலரில் போடுகிறோம் என்றார்கள். சரி, எழுதுகிறேன். ஆனால் முதலே சொல்லிவிடுகிறேன்: இதில் பணிவை எதிர்பார்க்க வேண்டாம். பணிவான ஆள் வேண்டுமென்றால் எங்கள் ஊரில் வேறு எத்தனையோ பேர் இருக்கிறார்கள்.

என் பெயர் சின்னத்தங்கம். பிறந்தது குருக்கள்மடம். மிசன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன். கல்யாணம் கட்டவில்லை, ஏன் என்று இங்கே எழுதப்போவதில்லை, அறிய ஆசைப்படுகிறவர்கள் அடுத்த பந்திக்குப் போகலாம். ஆயிரத்துத் தொளாயிரத்து இருபதுகளின் நடுவில், மட்டக்களப்பு நகரில் கடலோடு கலக்கும் உப்பு வாவியின் கரையோரமாக இருந்த ஓர் அரசாங்கப் பங்களாவின் பூந்தோட்டத்தில் புல்லுப் பிடுங்கும் கூலியாகச் சேர்ந்தேன். இரண்டு வருடம் புல்லு. ஒரு வருடம் தண்ணீர். ஒரு நாள், தோட்ட வேலையை மேற்பார்க்கும் ஓவசியர் ஐயா எழுதி வைத்த பெயர்ப் பலகை ஒன்று பாத்தி மாறி நிற்பதைப் பார்த்து, நானே பிடுங்கிச் சரியான பாத்தியில் குத்தினேன். அவர் கண்டுவிட்டார். "உனக்கு வாசிக்கத் தெரியுமா?" என்று கேட்டார். "இங்கிலீசு எழுத்து மட்டும் கூட்டி வாசிப்பன், அர்த்தம் தெரியா" என்றேன். அடுத்த நாளே என்னை விதை அறைக்கு மாற்றினார். நான் விதை வேலைக்கு வந்த கதை அவ்வளவுதான்.

ஓவசியர் ஐயாவைப் பற்றி நின்று நிதானமாகச் சொல்ல வேண்டும். அவர் பறங்கியர், பழைய போர்த்துக்கீசர் வழி வந்தவர். வீட்டில் போர்த்துக்கீசு, பங்களாவில் இங்கிலீசு, எங்களோடு எங்கள் தமிழ். காலை ஆறரைக்கு வெள்ளைக் காற்சட்டையோடு தோட்டத்து வாசல் கடப்படியில் நிற்பார். கழுத்தில் ஒரு விசில் தொங்கும். நான் வேலை செய்த இத்தனை வருடத்தில் அதை அவர் ஊதிக் கேட்டதில்லை. கத்தவும் மாட்டார். பிழை கண்டால் "மறுகா செய்" என்று மட்டும் சொல்வார். நான் முதலிலிருந்து திரும்பச் செய்வேன். சரியாக இருந்தால் ஒன்றும் சொல்லாமல் அடுத்த பாத்திக்கு நடந்துவிடுவார். அவர் வாய் திறக்காமல் போன நாள் எனக்கு நல்ல நாள்.

விதையைத் தொட முன்னம் கை மோதிரத்தைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போடுவார். மோதிரத்தின் இடுக்கில் ஒரு விதை ஒட்டிக்கொண்டு அடுத்த தகரப் பேணிக்குள் போய்விடக் கூடாதாம். எனக்கு மோதிரம் இல்லை, ஆனால் நகத்தை ஒட்ட வெட்டச் சொன்னார். வெட்டினேன். அந்தப் பழக்கம் இன்றும் இருக்கிறது. இவ்வளவு கவனமான மனிதரிடம் ஒரே ஒரு குறைதான் இருந்தது. பச்சை அட்டை போட்ட இங்கிலீசுப் புத்தகம் ஒன்று வைத்திருந்தார். எதைக் கேட்டாலும் அதை விரித்து, விரலை வைத்து, "எழுதி இரிக்கி" என்பார். எழுதியவன் எந்த ஊரில் இருந்து எழுதினான், அங்கே உப்புக் காற்று வீசுமா என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை.

விதைகள் சீமையிலிருந்து வருடா வருடம் கப்பலில் தகரப் பேணிகளில் வரும். தை மாதம் மழை ஓய்ந்ததும் விதைப்போம். சித்திரையில் தோட்டம் கண்ணைப் பறிக்கும். பிறகு பூக்கள் காய்ந்து விதை முற்றும். அந்த விதையை என்ன செய்வது என்று கேட்டபோது, "எரிச்சுப்போடு. அடுத்த வருசம் புதுசு வரும்" என்றார் ஓவசியர் ஐயா. நெல்லு விளைகிற மண்ணில் பிறந்தவள் விதையை எரிப்பாளா? "எரிக்காம நான் வெச்சிப் பாக்கட்டா?" என்றேன். "உனக்கு விசர்" என்றார். வேண்டாம் என்று சொல்லவில்லை. எனக்கு அது போதுமாக இருந்தது.

முதல் வருடம் வைத்த விதை எல்லாம் பூஞ்சணம் பிடித்துப் போனது. இரண்டாம் வருடம் பாதி. அதற்குப் பிறகுதான் எனக்கு வழி பிடிபட்டது. அதை இங்கே எழுதி வைக்கிறேன். தெரியாது என்று இனி யாரும் சாட்டுச் சொல்லக் கூடாது.

காசித்தும்பைக் காய் தொட்டால் வெடித்துச் சிதறிவிடும். ஆகவே பச்சை மாறி வெளிறத் தொடங்கும்போதே, பனி காய முன்னம், துணிப்பைக்குள் காயை விட்டுக் கிள்ள வேண்டும். சீனியாப் பூவை அப்படிப் பறிக்கக் கூடாது. செடியிலேயே தலை கறுத்து, காம்பு வைக்கோல் போல முறிகிற மட்டும் விட வேண்டும். பிறகு உதிர்த்துச் சுளகில் புடைத்தால் பதர் போகும். புடைப்பில் தப்பிய பதரை விரல் நுனியால் பிடித்துப் பார்க்க வேண்டும். வயிறு விறைப்பாக இருந்தால் விதை, நசிந்தால் குப்பை.

காயப் போடுவது பன் புல்லில் பின்னிய புதுப் பாயில். சீமெந்துத் தரையில் போட்டால் விதை வெந்துவிடும். தகரத்தில் போட்டால் பொரிந்துவிடும். உச்சி வெயில் ஆகாது. விதையைக் காய வைப்பது காற்றுத்தான், வெயில் அல்ல. அதுவும் எந்தக் காற்று? வைகாசியில் தொடங்கி ஆடி மட்டும் மேற்கே இருந்து கச்சான் வீசும். உதட்டை வெடிக்க வைக்கும் காற்று அது. ஊரெல்லாம் அதைத் திட்டுவார்கள், நான் கையெடுத்துக் கும்பிடுவேன். கச்சான் வீசும்போது மர நிழலில் பாயை விரித்து, நாழிகைக்கு ஒரு தரம் துழாவி, பின்னேரம் நாலு மணிக்குள் உள்ளே எடுத்துவிட வேண்டும். நாலரைக்கு மேல் வாவிக் காற்றுக் கிளம்பும். அது ஈரத்தையும் உப்பையும் அள்ளிக்கொண்டு வந்து, பகல் முழுக்கக் காய்ந்ததை ஒரு மணித்தியாலத்தில் பழைய நிலைக்குக் கொண்டுபோய்விடும்.

காய்ந்துவிட்டதா என்று கண்டுபிடிக்க உப்பு. வெறுஞ்சட்டியில் உப்பை வறுத்து ஆற விட்டு, கண்ணாடிப் போத்தலில் ஒரு கை உப்பும் ஒரு கை விதையும் போட்டு மூடி, கொஞ்ச நேரம் வைத்துக் குலுக்க வேண்டும். உப்பு போத்தலில் ஒட்டினால் விதைக்குள் ஈரம் இருக்கிறது. ஒட்டாமல் மணல் போல ஓடினால் சரி. இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. மாரி காலத்தில் உப்புப் பானை கசிவதைப் பார்க்காத பெண் இருக்கிறாளா? பார்த்ததை நான் யோசித்தேன், அவ்வளவுதான்.

கடைசியாக வைப்பு. போத்தலின் அடியில் மூன்றில் ஒரு பங்கு வறுத்து ஆற வைத்த அரிசி. அதன்மேல் துணி. துணிமேல் கடதாசியில் மடித்த விதை. தக்கையை அடைத்து, தேன்மெழுகு உருக்கிப் பூசி, நெல் மூட்டைகளுக்கு நடுவே புதைத்து வைக்க வேண்டும். மாரி முடிகிற மட்டும் திறக்கவே கூடாது. சும்மா ஒரு தரம் பார்ப்போமே என்று கை துருதுருக்கும். கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும்.

ஓவசியர் ஐயா இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நிற்பார். முதல் தரம் உப்பைக் குலுக்கிக் காட்டியபோது புத்தகத்தைப் புரட்டினார். "இதில இப்பிடி ஒண்டும் எழுதல்லயே" என்றார். "எழுதினவருக்கு உப்பு கசிஞ்சிரிக்காது ஐயா" என்றேன். புத்தகத்தை மூடிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

இப்படி வைத்த விதையில்தான் என் பாக்குப்பூ பிறந்தது. சீமை சீனியாவில் ஒரு வருடம் ஒரே ஒரு செடி, பழுத்த பாக்கின் நிறத்தில் பூத்தது. சிவப்பும் இல்லை, மஞ்சளும் இல்லை. அதன் விதையைத் தனியே எடுத்துக் சமையல் குசினிக்குப் பின்னால் ஒரு மூலையில் போட்டேன். பத்துச் செடியில் இரண்டுதான் அந்த நிறம். மற்ற எட்டையும் முதல் பூவின் நிறம் தெரிந்த உடனே பிடுங்கி எறிந்தேன். அடுத்த வருடமும் அப்படியே. நல்ல செடியைப் பிடுங்குகிறாளே என்று மற்றக் கூலிகள் திட்டினார்கள். ஏழு வருடம் பிடுங்கினேன். ஏழாம் வருடம் பிடுங்குவதற்கு ஒரு செடியும் இருக்கவில்லை. அத்தனையும் பாக்குப்பூ. அன்றைக்கு நான் அந்த மூலையில் இருந்து அழுதேன். சந்தோசத்தில்தான். வேறு யாராவது கண்டிருந்தால் கண்ணில் தூசி என்று சொல்லியிருப்பேன்.

பிறகு உலகச் சண்டை வந்தது. அந்த வருடம் கப்பல் விதைக்காகப் பாத்திகளை வெறுமையாக வைத்துக்கொண்டு தை, மாசி என்று காத்திருந்தோம். என் மூலையையும் கொத்திப் போட்டு வைக்கச் சொன்னார்கள். விதை வந்தது சித்திரையில். இனி வராது என்ற கடிதமும் கூடவே வந்தது. என் பாக்குப்பூ உட்பட எல்லாம் பிந்தி விதைத்தோம், பிந்திப் பூத்தது. விதை முற்றி நான் பாயில் போடும்போது புரட்டாதி ஆகிவிட்டது. கச்சான் போய்விட்டது. வானம் மூட்டம். வாவிக் காற்று மத்தியானமே வரத் தொடங்கிவிட்டது.

இனி இந்தத் தோட்டத்துக்கு விதை என்றால் என் பாயில் கிடப்பதுதான். பங்களாத் துரையின் மனைவி, துரைசாணி, அதைக் கேட்டுப் பயந்துபோனார். அடுத்த சித்திரையில் கொழும்பிலிருந்து ஒரு பெரிய துரை வந்து தங்க இருந்தார். முன்பாத்திகள் வெறுமையாக இருந்தால் வெட்கக்கேடாம். ஓய்வுக்காகத் தான் மலைநாட்டுக்குப் புறப்பட முன்னம் எல்லா விதையும் பேணியில் அடைத்து ஈயம் பற்றவைத்து, விதை அறையைப் பூட்டிச் சாவி தன் கைக்கு வர வேண்டும் என்று உத்தரவு போட்டார். ஓவசியர் ஐயா பச்சைப் புத்தகத்தோடு விதை அறைக்கு வந்தார்.

"ரெண்டு கிழமை காய வெச்சி, காத்துப் புகாத பேணியில அடைக்கோணும் எண்டு எழுதி இரிக்கி. பதினாலு நாள் முடிஞ்சிது."

நான் போத்தலை எடுத்துக் குலுக்கினேன். உப்பு கட்டி கட்டியாக ஒட்டிக்கொண்டு நின்றது. "பாருங்க ஐயா. ஈரம். இத இப்ப அடைச்சா உள்ளுக்கையே வேர்த்துப் புழுங்கிச் செத்துரும். பத்து நாள் தாங்க. தோணியில ஏத்தி வாவிக்கு அங்கால படுவான்கரைக்குக் கொண்டு போறன். அங்க என்ட அக்கா வீட்டு வளவுல இந்த உப்புக் காத்து இல்ல."

"அரசாங்கச் சாமான் வாவி தாண்டிப் போக ஏலாது."

"அப்ப அரசாங்கச் சாமான் செத்துப்போகும்."

அவர் கத்தவில்லை. மோதிரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு பாய் பாயாக விதையை அள்ளிப் பேணிகளில் போடத் தொடங்கினார். காசித்தும்பை, செவ்வந்தி, எல்லாம் போனது. கடைசிப் பாய்க்கு வந்தார். அது பாக்குப்பூ. நான் குனிந்து பாயின் நாலு மூலையையும் கூட்டிப் பிடித்துக்கொண்டேன்.

"இத விடுங்க. இது என்ட விதை. தர மாட்டன்."

"அரசாங்க மண்ணு, அரசாங்கத் தண்ணி, அரசாங்கச் சம்பளம். எப்பிடி உன்ட விதை?"

"அதே மண்ணும் தண்ணியும் புல்லுக்கும் குடுத்ததுதானே ஐயா? புல்லு ஏன் பாக்குப்பூவாகல்ல?"

அவர் முகம் சிவந்துவிட்டது. போர்த்துக்கீசில் ஏதோ முணுமுணுத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "கொண்டு போனா அது களவு, சின்னத்தங்கம்."

"உங்கட முகத்துக்கு நேர செல்லிப்போட்டுக் கொண்டு போறன். களவெடுக்கிறவ செல்லிப்போட்டா போவா?"

"போனா மறுகா இந்தப் பக்கம் வராத."

"வாறண்டா நீங்கதான் கூப்பிட வரோணும்" என்று சொல்லிவிட்டு நான் இறங்கி நடந்தேன். பதினான்கு வருட வேலை போனது. பாயை மட்டும் விடவில்லை.

ஒன்றை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். மற்ற விதைகள் சாகும் என்று எனக்குத் தெரியும். அதுகளும் என் கையால் பொறுக்கிய விதைகள்தான். இன்னொரு தரம் கெஞ்சியிருந்தால், துரைசாணியிடமே போய்ச் சொல்லியிருந்தால், ஒருவேளை தப்பியிருக்கும். நான் கெஞ்சவில்லை. கோபத்தில், சாகட்டும் என்று விட்டுவிட்டுப் போனேன். ஓவசியர் ஐயா தெரியாமல் கொன்றார், நான் தெரிந்துகொண்டே விட்டேன். அந்தக் காசித்தும்பைகளை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் ஆத்திரம் வரும்.

வறுத்த அரிசிப் போத்தலுக்குள் விதையை அடைத்து, முந்தானையில் சுற்றி, மண்முனைத் துறையில் தோணி ஏறினேன். அக்கா வள்ளியம்மை கொக்கட்டிச்சோலையில் இருந்தாள். வயல் வட்டையில் அறுவடை முடிந்து ஒட்டுக்கட்டைத் தாள் காய்ந்து கிடந்தது. வறண்ட காற்று, வாவிக் காற்று எட்டாத வளவு. பாயை விரித்தேன். அக்கா போத்தலைத் தூக்கிப் பார்த்தாள்.

"என்ன புள்ள இது? அரிசியும் வறுத்துப் போட்டிரிக்காய், உப்பும் வெச்சிரிக்காய். பூவுக்குச் சோறாக்கிக் குடுக்கப் போறியா?"

"சும்மா இரி கா. நீ உன்ட வேலையப் பாரு."

"என்ட வேலையத்தான் பாக்கிறன். வேலைய விட்டுப்போட்டு வந்தவளுக்கு மூணு நேரமும் ஆக்கிப் போடுறது ஆரு?" என்று சொல்லிக்கொண்டே, கோழி வராமல் பாய்க்குக் காவல் இருந்தாள். அவளுக்கு வாய் அப்படி, மனம் வேறு. ஒன்பதாம் நாள் போத்தலைக் குலுக்கினேன். உப்பு ஒரு பொட்டுக்கூட ஒட்டாமல் ஓடியது. அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "ஓம் புள்ள, ஓடுது" என்றாள். அன்றைக்கே இரண்டு போத்தலில் வைத்து மெழுகு பூசி, அவர்கள் வீட்டு நெல் மூட்டைகளுக்குள் புதைத்தேன். அடுத்த கிழமை மாரி பிடித்தது.

மழைக்காலம் முழுக்க அக்கா வீட்டு வயலில் நாற்று நட்டேன், களை பிடுங்கினேன். பங்களாவிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. அக்காவின் புருசன் ஒரு நாள், "நீ போய் அந்தப் பறங்கித்துரைட்ட மன்னிப்புக் கேள்" என்றார். "அவர் கேக்கட்டும்" என்றேன்.

தைப்பொங்கல் கழிந்து நாலாம் நாள் காலையில், வயல் வரம்பில் ஒரு வெள்ளைக் காற்சட்டை வருவது தெரிந்தது. முழங்கால் மட்டும் சுருட்டியிருந்தார். ஒரு கையில் சப்பாத்து, மற்றக் கையில் தகரப் பேணி. கடப்படியில் நின்று என்னைப் பார்த்தார். நான் எழும்பவில்லை. அக்காதான் ஓடிப்போய்க் கால் கழுவத் தண்ணீர் கொடுத்தாள்.

அவர் பேணியை என் முன்னால் வைத்து மூடியைத் திறந்தார். பழைய மீன் கூடையின் மணம் வந்தது. உள்ளே விதைகள் கறுத்து, ஒன்றோடு ஒன்று ஒட்டி, மேலே சாம்பல் நிறத்தில் பூஞ்சணம்.

"எல்லாப் பேணியும் இப்பிடித்தான்" என்றார்.

நான் விரலால் கிளறிப் பார்த்தேன். காசித்தும்பை. "எத்தின பேணி?"

"பதினாலும்."

அவர் மூடியைத் திரும்பப் போட்டார். பிறகு அவர் சொன்னார்: "உப்பு சரி, புத்தகம் பிழை." அவர் வாயில் இருந்து அது வந்தது எனக்கே நம்ப முடியவில்லை. "சித்திரையில பெரிய துரை வாறார். பாத்தி வெறுமையாக் கிடக்கு. உன்ட விதையத் தருவியா?"

உன்ட விதை என்றார். அந்த இரண்டு சொல்லுக்காகத்தான் நான் வாவி தாண்டினேன். ஆனாலும் லேசில் விடுவேனா?

"விதைக்கிறது நான். எடுக்கிறது நான். காய வெக்கிறதும், வெச்சிரிக்கிறதும் நான். உங்கட பேணிக்குள்ள ஒரு விதையும் போகாது. சம்மதமா?"

"எழுதித் தரோணுமா?"

"வேணாம் ஐயா. எழுதினதெல்லாம் பாத்தாச்சி. வாயால செல்லுங்க."

"சம்மதம்" என்றார். அக்கா அவருக்குக் கோப்பி ஊற்றிக் கொடுத்தாள். குடித்துவிட்டுச் சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டு முன்னே நடந்தார். ஒரு போத்தலை எடுத்துக்கொண்டு நான் பின்னால் போனேன். மற்றதை எடுக்கவில்லை. அது இருப்பதாக அவருக்குச் சொல்லவும் இல்லை.

விதைத்த ஐந்தாம் நாள் முன்பாத்தி முழுக்க முளை. இடைவெளி என்று சொல்ல ஓர் இடம் இல்லை. சித்திரையில் பங்களாவின் படிக்கட்டிலிருந்து வாவி மட்டும் பாக்குப்பூ நின்றது. கொழும்புத் துரை வந்து இறங்கி, தொப்பியைக் கழற்றிவிட்டு அப்படியே நின்றுவிட்டார். எந்தக் கம்பனி விதை என்று இங்கிலீசில் கேட்டாராம். ஓவசியர் ஐயா என் பக்கம் கையைக் காட்டினார். துரைசாணி என்னைப் பார்த்துச் சிரித்து ஏதோ சொன்னார்.

பிறகு நான் கேட்டேன், "என்னவாம்?"

"உனக்கு நல்ல கைராசியாம்."

"கைராசியோ? ஏழு வருசம் பிடுங்கினது, உப்பு வறுத்தது, அதெல்லாம் ஆரு செய்தது? செல்லல்லயா நீங்க?"

"செல்லினன். அவக்கு விளங்கல்ல" என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டார்.

அந்த மாதக் கடைசியில் பங்களாத் துரைக்கு வேலை மாற்றம் வந்தது. மூன்று கிழமையில் புறப்பாடு. அதோடு துரைசாணியிடமிருந்து ஒரு தாளும் வந்தது. ஓவசியர் ஐயா அதைக் கொண்டுவந்து, பாத்தி ஓரத்தில் நின்று எனக்கு வாசித்துச் சொன்னார். பாக்குப்பூவின் விதை அத்தனையும் எடுத்துத் துரைசாணியிடம் ஒப்படைக்க வேண்டும். அந்தப் பூவுக்கு அவர் தன் பெயரையே வைத்திருக்கிறார். வேறு எங்கும் அது பூக்கக் கூடாது என்பதால் இங்கே ஒரு விதையும் மிஞ்சக் கூடாது. தோட்டக்காரியிடம் ஏதும் இருந்தால் அதையும் வாங்கிவிட வேண்டும்.

மேல் பூக்கள் காயத் தொடங்கிவிட்டன. முந்திப் பூத்த ஐந்தாறு தலை கறுத்தும்விட்டது, மற்றவையும் இரண்டு கிழமையில் முற்றிவிடும்.

"நீங்க சம்மதம் எண்டு செல்லினீங்க" என்றேன்.

"ஓம். செல்லினன்."

"இப்ப?"

அவர் தாளை நாலாக மடித்தார். ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். நல்ல வேலைக்குத்தான் அவர் பேசாமல் போவார் என்று இத்தனை காலமும் இருந்த எனக்கு, அன்றைக்கு அது என்ன மௌனம் என்று விளங்கவில்லை. கள்ளத் துரோகி என்று மனத்துக்குள் திட்டினேன்.

அடுத்த நாள் காலையில் நான் வரும்போது அவர் பாத்திக்குள் நின்றார். கையில் பெரிய கத்தரிக்கோல். விரிந்த பூ, மொட்டு, வாடினது என்று பார்க்காமல் காம்போடு வெட்டிக்கொண்டிருந்தார்.

"ஐயா! என்ன செய்றீங்க?"

"பூ வெட்டுறன். வீட்டுக்குள்ள சாடியில வெக்க." நிமிராமலே சொன்னார். "விதை எல்லாத்தையும் எடுக்கச் செல்லி எழுதி இரிக்கி. பூவ வெட்ட வேணாம் எண்டு ஒரு இடமும் எழுதல்ல. கூடைய எடு."

எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. பூவை இப்போதே வெட்டினால் விதை முற்றாது, ஒப்படைக்க ஒன்றும் இருக்காது என்று விளங்கியதும் கூடையை எடுத்தேன். அவர் வெட்டினார், நான் அடுக்கினேன். ஏழு வருடம் பிடுங்கிப் பிடுங்கி உண்டாக்கிய பூவை, என் கண் முன்னால், பூத்த மேனிக்கு வெட்டிச் சாய்த்தோம். ஆனாலும் நிறுத்துங்கள் என்று சொல்லவில்லை. காய்ந்து கறுத்திருந்த அந்த ஐந்தாறு தலைகள் கிட்ட வந்தபோது அவர் மறுபக்கம் கிறுகி நின்று, வாவியைப் பார்த்துக்கொண்டு மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். நான் அவற்றைக் கிள்ளி மடியில் கட்டிக்கொண்டேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவர் மிச்சத்தை வெட்டினார்.

முதல் இரண்டு நாளும் துரைசாணிக்கு ஒரே சந்தோசம். அறை அறையாகப் பூ. மூன்றாம் நாள் தோட்டத்துக்கு இறங்கினார். பாத்தியில் மொட்டைக் காம்புகள். எங்கள் இரண்டு பேரையும் விறாந்தைக்குக் கூப்பிட்டார்.

கதிரையில் இருந்துகொண்டு நெடுநேரம் பேசினார். குரல் உயர்ந்தது. ஓவசியர் ஐயா தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டு நின்றார். அவருக்கு இன்னும் இரண்டு வருடத்தில் பென்சன். துரைசாணி ஒரு கடிதம் எழுதினால் அது போய்விடும் என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். கடைசியில் துரைசாணி என் பக்கம் விரலை நீட்டி ஒரு கேள்வி கேட்டார். ஓவசியர் ஐயா என்னிடம் திரும்பினார்.

"சின்னத்தங்கம், உன்னட்ட பாக்குப்பூ விதை இரிக்கா? இரிந்தா எங்க வெச்சிரிக்காய் எண்டு கேக்கிறா."

மூன்று நாளாக மடியை விட்டு எடுக்காத விதை வயிற்றில் குத்தியது. பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கொடுக்கவும் மனம் வரவில்லை.

"இரிக்கி ஐயா. எங்க எண்டு அவக்குச் செல்ல மாட்டன். உங்களுக்கும் செல்ல மாட்டன்" என்றேன்.

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு துரைசாணி பக்கம் திரும்பி, நான் சொன்ன அவ்வளவுக்கும் இங்கிலீசில் ஒரே ஒரு சொல் சொன்னார். எனக்கு இங்கிலீசு தெரியாது. ஆனாலும் 'நோ' என்றால் 'இல்லை' என்று தெரியும்.